பாக்கி

நாற்பத்தாறு ரூபாய்.
தேசப்பன் அண்ணன் கடை நோட்டில்
என் பெயர் இருக்காது,
'எக்ஸ்ரே' என்றுதான் எழுதியிருப்பார்.

ஸ்டான்லியில் இரவு டூட்டி முடிந்து
கண் எரிய எரிய நடந்து வருவேன்.
நேற்று வைத்த வஞ்சிரக் குழம்பை
அப்படியே இட்லி மேல் ஊற்றுவார்.
"சூடு பண்ணா ருசி ஓடிடும் சார்.
ராத்திரி பூரா அது யோசிச்சிக்கினு இருந்திருக்கு."

மூன்று மேசை.
ஒன்றுக்குக் கால் குட்டை,
அடியில் மடித்த சிகரெட் அட்டை.
காசிமேட்டில் ஏலம் முடித்தவர்கள்
முழங்கை வரை செதிலோடு உட்காருவார்கள்.
டி.ஹெச். ரோட்டில் மழைத்தண்ணீர் நின்றால்
வாசலுக்கு ஒரு கதவைக் கழற்றிப் போடுவார்,
அதன்மேல் நடந்துபோய்ச் சாப்பிடுவோம்.

சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றேன்.
ஒரு வாரம் லீவு.
திரும்பி வந்தால் தகரம்.
சாலை நீளத்துக்கும் நீலத் தகரம்,
அதற்குப் பின்னால் பூமியைக் குடைகிற சத்தம்.

அன்றிலிருந்துதான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன்.

பீச் ஸ்டேஷன் எதிர்ச் சந்தில்
அத்தோ கலக்கும் மரகதம் அக்கா.
எஸ்தரும் நானும் ஒரே தட்டில் தின்பதைப் பார்த்து
முட்டையைக் கீறி
வறுத்த வெங்காயம் திணித்து
காசு வாங்காமல் கொடுத்தாள்.
"கல்யாணத்துக்குக் கூப்புடு, போதும்."
பத்திரிகை முந்நூறு அடித்தோம்.
பக்கத்துத் தெரு நாய்க்குக்கூடத் தெரியும்,
அவளுக்குச் சொல்லவில்லை.
இப்போது அங்கே நாலு கடை,
நாலு போர்டிலும் 'ஒரிஜினல்'.
எதிலும் அவள் இல்லை.

எனக்கு வரவேண்டியதும் உண்டு.
ராஜமாதா டாக்கீஸ் எனக்கு
அரைப் படம் தர வேண்டும்.
இடைவேளை முடிந்து கரண்ட் போய்விட்டது.
டிக்கெட் பின்னால் முத்திரை குத்தி
"நாளைக்கு வா" என்றார்கள்.
நாளைக்கு டூட்டி.
அப்புறம் தேர்வு, அப்புறம் காய்ச்சல்,
அப்புறம் தியேட்டரே இல்லை.
அந்த இடத்தில் ஐந்து மாடி.
மூன்றாவதில் என் நண்பன் கனகசபை.
திரை இருந்த இடம் அவன் படுக்கையறை என்று
ஒரு குத்துமதிப்பாகச் சொல்லலாம்.
போய் உட்கார்ந்தேன். ஏசி போட்டான்.
வில்லன் கடைசியில் என்ன ஆனான் என்று
சுவரைக் கேட்க வெட்கமாக இருந்தது.

ராயபுரத்தில் கடலுக்கு முன்னால்
மணல் இருந்தது என்றால்
என் மகள் சிரிக்கிறாள்.
கருங்கல்லில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறோம்.
அதுவும் கடல்தான்,
கால் நனைக்க மட்டும் விடுவதில்லை.

பொய் சொல்லக் கூடாது.
மெட்ரோ எனக்கும் பிடிக்கும்.
குளுகுளுவென்று பூமிக்குள் போகும்போது
தலைக்கு மேலே எந்த இடத்தில்
அந்தக் குட்டைக்கால் மேசை இருந்திருக்கும் என்று
அண்ணாந்து பார்ப்பேன்.
எதிரே இருப்பவர் தானும் பார்ப்பார்.

போன மார்ச்சில் ஒரு நெஞ்சுப் படம்.
முகக்கவசம், ஒட்டிய உடம்பு,
சீட்டில் டாக்டர் கிறுக்கல்.
எலும்புகள் திரையில் வந்தன.
இடப்பக்கம் ஏழாவது விலா.
முறிந்து ஆறிய இடத்தில் ஒரு முடிச்சு.
அந்த முடிச்சு எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றெட்டில் சிலிண்டர் சரிந்து விழுந்தபோது
வரிசையில் நிற்கவிடாமல்
நான்தான் எடுத்தேன்.
அடுத்த நாள்தான் நோட்டில் ஒரு பக்கம் கிடைத்தது.

"அண்ணே, நாப்பத்தாறு ரூபா."

பொத்தான் போடும் விரல் நின்றது.
"எக்ஸ்ரேவா?"

நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
"சில்ற இல்லப்பா.
நோட்டும் இல்ல.
எதுல அடிக்கச் சொல்ற?"
என் மேல்பாக்கெட்டிலேயே திருப்பிச் செருகினார்.
"வூட்ல மீன் கொழம்பு வெப்பாங்களா?"
"வெப்பாங்க."
"சூடு பண்ண வேணான்னு சொல்லு."

அடுத்த ஆள் வந்து
தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றார்.
மூச்சை இழுத்துப் பிடிங்க என்றேன்.
விடச் சொல்ல மறந்து
கொஞ்ச நேரம்.