மூன்றாமவனின் ரொட்டி

தார்த்து நகரில் நவம்பர் வந்தால்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
ரேடியேட்டர் இருமும்.
நாட்டார் கதைக் காப்பகத்தின் இரண்டாம் மாடியில்
நானும் ஹில்லரும்
நாற்பதாயிரம் அட்டைகளும்.

வேலை எளிது.
கதையைப் படி.
சதையை ஒதுக்கி முதுகெலும்பைத் தொடு.
எண் போடு.

சிற்றன்னை விரட்டிய பெண்: க 12.
போகிற வழியில் கிணறு அவளோடு பேசினால்: 12 அ.
கிணறு சும்மா இருக்கத் தவளை பேசினால்
ஹில்லரைக் கேட்க வேண்டும்.
உயிரை முட்டைக்குள்ளும் முட்டையை வாத்துக்குள்ளும்
வாத்தை ஏரிக்குள்ளும் ஒளித்துவைத்த பிசாசுக்கு
ஒரு முழு இழுப்பறை.
ஒருமுறைகூட அவன் தப்பியதில்லை.
ஆனாலும் அடுத்த அட்டையில்
அதே ஏரி, அதே வாத்து.
திறக்காதே என்று சொன்ன அறைக்கு
நான்கு இழுப்பறைகள்.
சொன்ன பேச்சைக் கேட்டுத் திறக்காமல் போனவள்
எவளுக்கும் அட்டை இல்லை.

பதினெட்டு வருடத்தில் ஒன்று புரிந்தது:
மூத்தவர்கள் இருவரும் பிறப்பதே
மூன்றாமவன் வருவதற்காக.
கெட்டவர்கள் என்பதால் அவர்கள் தோற்பதில்லை,
முந்திக்கொண்டதால் தோற்கிறார்கள்.
(வீட்டில் நான் மூத்தவள்.
இதை எந்த அட்டையிலும் எழுதவில்லை.)

ஒரு செவ்வாய்க்கிழமை
மூஹு தீவின் கட்டிலிருந்து ஓர் அட்டை. 1936.
சொன்னவள்: லீசு, மீனுக்கு உப்பிடுபவள், வயது நாற்பத்தொன்று.
எழுதியவன்: யாரோ மாணவன்,
கோழி கிளறியது போன்ற கையெழுத்து.

மூன்று சகோதரர்கள். காடு. ஒரு கிழவன்.
'தம்பி, ரொட்டியில் ஒரு துண்டு தருவாயா?'
மூத்தவன் தரவில்லை. குழியில் விழுந்தான்.
நடுவன் தரவில்லை. குழியில் விழுந்தான்.
என் கை அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டது.
க 40. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

இளையவனும் தரவில்லை.
மரத்தடியில் உட்கார்ந்து
தானே தின்றான்.
கறுப்பு ரொட்டி, நன்றாக இருந்தது.
கிழவன் 'சரி' என்று சொல்லிவிட்டுப் போனான்.
குழி எதுவும் வரவில்லை.
கதை முடிந்தது.

ஹில்லர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மறந்திருப்பாள், மைலி. சிதைந்த வடிவம்.
பிழைப் பெட்டியில் போடு."

அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.
பின்பக்கம் பொடி எழுத்தில்:
'தவறாகச் சொல்கிறாயோ என்று மூன்று முறை கேட்டேன்.
முதல் முறை சிரித்தாள்.
இரண்டாம் முறை மீனைப் புரட்டிப் போட்டாள்.
மூன்றாம் முறை, அவனுக்குப் பசித்தது என்றாள்.'

ஹில்லர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "மூன்று முறை" என்றார் மெல்ல,
அந்த மாணவனுக்கே எண் தேடுகிறவர் மாதிரி.
தேடிவிட்டு
பிழைப் பெட்டியில்தான் போட்டார்.

அவர் காப்பிக்குப் போனபோது நான் எடுத்தேன்.
பொருள் வரிசையில், ரொட்டியின் கீழ்,
'பேசும் ரொட்டி'க்கும் 'கல்லான ரொட்டி'க்கும் நடுவே
செருகினேன்:
'ரொட்டி, தின்னப்பட்டது.'
இத்தனை ரொட்டிகளில்
யாராவது தின்றது இது ஒன்றுதான்.

வியாழக்கிழமை அது பிழைப் பெட்டியில் இருந்தது.
வெள்ளிக்கிழமை ரொட்டியில்.
இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறோம்.
ஒரு பொருளுக்கு இருவர் மல்லுக்கட்டுவது: க 71.
வழக்கமாக நடுவில் நரி வந்து
பொருளைத் தூக்கிக்கொண்டு போகும்.
எங்கள் மாடிக்குத் துப்புரவுப் பெண் மட்டும் வருகிறாள்,
அவள் அட்டைகளைத் தொடுவதில்லை.

இது மூன்றாவது வாரம்.
ஏதாவது நடந்தாக வேண்டும்.

நேற்று மாலை பேருந்து நிறுத்தத்தில்
ஒரு கிழவர் பனியை உதறிக்கொண்டு
என்னை நோக்கி வந்தார்.
என் பையில் பாதி ரொட்டி.
என்னை அறியாமல் பையை அக்குளில் இடுக்கினேன்.
"ஆறாம் நம்பர் போய்விட்டதா?" என்றார்.
போய்விட்டது என்றேன்.
'சரி' என்று சொல்லிவிட்டு
ஆற்றுப் பக்கமாக நடந்து மறைந்தார்.

நானும் நடந்துதான் வீடு திரும்பினேன்.
புதுப் பனி, எங்கும் ஒரே வெள்ளை.
குழி எதுவும் தெரியவில்லை.
இருந்தாலும்
ஒவ்வோர் அடியையும்
முன்காலால் அழுத்திப் பார்த்துத்தான் வைத்தேன்.
நான் மூத்தவள்.