காயம் தேடியவர்

ஷான்ஷி சமவெளியில், மழை வலுத்த இரவில்
மரக்கோபுரத்தின் உச்சி இரும்பை
மின்னல் தொட்டுப் போனது.

காலையில் பொறியாளர் யான் ஷூவென்
ஏணி ஏறி எட்டுச் சங்கிலிகளையும் தடவிப் பார்த்தார்.
கருகல் இல்லை.
ஆணியே அறியாத உடம்பில்
எங்கென்று தேடுவது காயத்தை?

"காய்ந்த மரம் மின்சாரத்துக்கு வழிவிடாது" என்றார்.
"நேற்று நனைந்துதானே நின்றது?" என்றாள்
எதிர்க்கடையில் நூடுல்ஸ் மாவு இழுத்துக்கொண்டிருந்த
ஃபான் லியூமெய்.
குறிப்பேட்டில் ஒரு கேள்விக்குறி.

அவள் கடையில் குளிர்பெட்டி செத்திருந்தது.
தொலைக்காட்சியும்.
இரண்டும் போன வருஷம் வாங்கியவை.

தொள்ளாயிரம் வயதின் அக்குளிலிருந்து
உழவாரக் குருவிகள் புறப்பட்டன,
இரவு எதுவுமே கேட்காததுபோல.

யான் இன்னொரு கிண்ணம் கேட்டார்,
காரம் தூக்கலாக.