ஏப்ரல் பாரம், ஜூன் பாரம்

பாகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடையில் எனக்கு ஒரு மேசை.
மாதச் சம்பளக்காரர்கள் ஏப்ரலுக்குள் வருவார்கள்,
சொந்தத் தொழில் என்பவர்கள் ஜூனில்.
பாரம் ஒன்றுக்குப் பதினைந்து வெள்ளி.
பாரம் என்றுதான் எல்லாரும் சொல்வது.
அந்தச் சொல்லை
நான் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பேன் போல.

செம்பனை ஆலையில் ஒரே கொதிகலன்.
வலப்பக்கம் வெல்டிங் தவராஜா,
இடப்பக்கம் சுகுமாறன்.
ஒரே புகை.
ராத்திரி இருவர் வீட்டிலும்
கண்மேல் உருளைக்கிழங்கு வில்லை.

தவராஜாவின் சீட்டில் மேலே மூவாயிரத்து நானூறு.
கீழே இறங்க இறங்க ஒவ்வொரு வரியும் ஒரு கடி:
சேமநிதி முந்நூற்று எழுபத்து நாலு,
சொக்சோ, சங்கச் சந்தா...
கைக்கு வரும்போது மூவாயிரத்துக்குப் பத்து குறையும்.

சுகுமாறனுக்குச் சீட்டு இல்லை. அவர் பில் எழுதுவார்.
நாலாயிரத்து அறுநூறு என்று எழுதினால்
நாலாயிரத்து அறுநூறு.
ஜூனில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரசீதோடு வருவார்.
பத்துமலைக்குப் போய்வந்த டீசல்,
மச்சான் கல்யாணத்துச் சட்டை (வேலை உடுப்பாம்),
மனைவிக்கு மாதம் எண்ணூறு, கணக்காளர் சம்பளம்.
"அவங்களுக்குக் கணக்குத் தெரியுமா?"
"நான் கொண்டாற காச எண்ணுறா, போதாதா?
இது ஏய்ப்பு இல்லக்கா, தவிர்ப்பு.
மழைக்கு ஒதுங்குற மாதிரி."
"ஒதுங்குறது வேற தம்பி,
அடுத்தவன் குடைய எடுத்துட்டுப் போறது வேற."
சட்டையை அடித்தேன். எண்ணூறை அடித்தேன்.
டீசலில் பாதியை விட்டேன்,
வேனில் நானும் ஒருமுறை சிரம்பானுக்குப் போயிருந்தேன்.

இந்த வருஷம் தவராஜா பிப்ரவரியிலேயே வந்துவிட்டார்.
மேனேஜர் சொன்னாராம்:
ராஜினாமா குடு, திங்கட்கிழமை கொன்றேக்கா உள்ள வா.
அதே கேட், அதே கொதிகலன், சுகுமாறன் விலை.

வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதினேன்.
கூடுவது ஆயிரத்து இருநூறு.
அதில் முதலாளி உங்கள் பெயரில் போடும்
நானூற்று நாற்பத்திரண்டு நிற்கும்.
லீவு இல்லை, தீபாவளிக்கும் கூலி இல்லை, கழிக்கவும்.
கையுறை, கண்ணாடி, கம்பி இனி உங்கள் செலவு.
மிச்சம் நூற்றெண்பது.
கை சுடாதிருந்தால்.

தவராஜா தாளைப் பார்க்கவில்லை.
"கைக்கு ஆயிரத்து அறுநூறு கூட வரும்ல?"
வரும் என்றேன்.
அதுவும் பொய் இல்லை.

அப்போதுதான் சுகுமாறன் உள்ளே வந்தார்,
பையில்லாமல்.
தாமானில் மூலை வீடு ஒன்று பார்த்திருக்கிறார்.
பேங்கில் பாரத்தைப் புரட்டிப் பார்த்த பெண்
மோட்டார் லோன் வேண்டுமானால் கேட்கச் சொன்னாளாம்.
"போன வருஷத்தக் கொஞ்சம்
கூட்டி எழுத முடியுமாக்கா?"

கடையில் மெஷின் மட்டும் ஓடியது.
டீசலாய், கம்பியாய், வேன் தேய்மானமாய்
ஒரு மனிதனைத் தாளில் ஏழையாக்க
நாங்கள் இருவரும் இரண்டு சாயங்காலம் உழைத்தோம்.
நன்றாகவே உழைத்திருக்கிறோம்.

தவராஜா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.
மூன்று மாதச் சீட்டு, எண்ணெய்க் கறையோடு.
நான் கணக்குப் போட்ட தாளை எடுக்காமலே எழுந்தார்.
"வெள்ளிக்கிழம பதில் சொல்லணும்" என்றார்,
யாரிடமென்று தெரியவில்லை.

சுகுமாறன் பதினைந்து வெள்ளியை வைத்தார்.
எதையும் கூட்டவில்லையே என்றேன்.
பரவாயில்லை, ரசீது குடுங்க, செலவுல சேத்துக்கிறேன்.

ரசீதுப் புத்தகம் என்னிடம் கிடையாது.
பத்தொன்பது வருஷமாய் ஊரார் பாரமெல்லாம் எழுதுகிறேன்,
வெள்ளி பிஸ்கட் டின்னுக்குப் போகிறது.
டின்னுக்கு ஏப்ரலும் இல்லை, ஜூனும் இல்லை.
மூடியை அழுத்தினேன்.
அடுத்த ஆள் என்று கூப்பிட்டேன்.