இருட்டின் எண்

வெளியே நின்று எண்ணினால் நாற்பத்தேழு ஜன்னல்கள்.
உள்ளே நடந்து எண்ணினால் நாற்பத்து நான்கு.
மிச்ச மூன்றுக்காகத்தான்
பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை
என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஜன்னலுக்கு வரி போட்ட காலத்தில்
ஹார்டன்ஷா ஹாலின் பிரபு
மூன்று கண்ணாடிகளைக் கழற்றிச் செங்கல் வைத்தார்.
முகப்பின் ஒழுங்கு கெடக் கூடாதே,
செங்கல்மேல் ஜன்னல் வரையச் சொன்னார்:
கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டம்,
பாதி இறக்கிய திரை.

அந்த ஏமாற்றுக்கு இப்போது அரசாங்கப் பாதுகாப்பு.
கட்டிடம் பட்டியலில் இருக்கிறது.
ஆணி அடிக்கவும் கடிதம் போட வேண்டும்.
எனக்கு வந்த கடிதத்தில்
இருட்டுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள்.
விளக்குக்கரி, துளி நீலம், ஆளிவிதை எண்ணெய்.
பளபளப்பு கூடாது என்பதற்கு அடிக்கோடு.

மழை வந்தால் ஏணியை விட்டு உள்ளே போவேன்.
பிப்ரவரி. பார்வையாளர் கிடையாது.
நாற்காலிகள் வெள்ளைத் துணிக்குள் குந்தியிருக்கும்,
சரவிளக்கு ஒரு மூட்டை.
கூடத்துத் தூண்களைத் தொட்டுப் பாருங்கள்,
பளிங்கின் குளிர்ச்சி வராது. சுண்ணமும் பசையும்.
மஹாகனிக் கதவுகள் பைன் மரம்;
பீரில் நனைத்த தூரிகையால் ரேகை ஓட்டியவன்
என் தொழில்காரன், கைசுத்தமானவன்.
நூலகத்தில் ஓர் அலமாரி முழுக்கப் புத்தக முதுகுகள்,
புத்தகம் ஒன்றும் இல்லை.
தள்ளினால் திறக்கும்,
மூத்திரச் சட்டி தூக்கிய பெண்கள் போய்வந்த வழி.
கூரையில் மாதுளம்பழங்கள்.
செய்தவன் மாதுளை பார்த்ததில்லை போல, டர்னிப் மாதிரி இருக்கின்றன.

பின்படிக்கட்டு மட்டும் பொய் சொல்லத் தெரியாதது.
ஒவ்வொரு படியும் நடுவில்
கரண்டிபோல் குழிந்திருக்கிறது.

அதில் ஏறித்தான்
என் மூன்றாம் ஜன்னலின் முதுகுப் பக்கத்தை
முதல்முறையாகப் பார்த்தேன்.
ஒரு கட்டில் அகலத்துக்கு ஓர் அறை.
ஈரம் அளக்க வந்த கவுன்சில் அதிகாரி இமோஜன் ஓல்ட்ராய்ட்
உரிந்து தொங்கிய சுவர்க்காகிதத்தை
விரல்நுனியால் விலக்கினார்.
செங்கல்மேல், அடுப்புக்கரியில்,
உள்ளேயிருந்தும் ஒருத்தி ஜன்னல் வரைந்திருந்தாள்.

ஒருத்தி என்று நானாகச் சொல்கிறேன்.
மேல்சட்டம் என் மார்புவரைதான் வந்தது.

கோணல் சட்டம். கண்ணாடிகள் ஐந்தா ஆறா, கணக்கு இடிக்கிறது.
வெளியே தெரிவது புல்வெளியில்லை,
பிரபுவின் மான்கள் இல்லை.
கடல்.
அதில் ஒரு படகு, தன்னைவிடப் பெரிய பாயோடு.
டார்பிஷயரில் இந்த மேட்டிலிருந்து
எந்தப் பக்கம் நடந்தாலும்
கடலுக்கு மூன்று நாளாகும்.

ஓல்ட்ராய்ட் அளவெடுத்தார், படமெடுத்தார்.
பிறகு டார்ச்சை அணைத்துவிட்டுச்
சற்று நேரம் அங்கேயே நின்றார்.
அது அவர் வேலையில் சேராது.
“இதையும் பட்டியலில் சேர்க்கணும்” என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
வெளிப்பக்கம் ஒரு பாய் வரையட்டுமா, கேட்டேன்,
சின்னதாக, கீழிருந்து தெரியாத அளவுக்கு.
அவர் அந்த எண்ணை எனக்கு ஞாபகப்படுத்தினார்.

மறுநாள் வெறித்தது.
அதே கறுப்பு, அதே சட்டம், அதே பாதித் திரை.
புல்வெளியிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு
இன்னும் எழுந்திராத யாருடைய அறையோ போல இருக்கும்.

கடைசிப் பூச்சு காயுமுன்
தூரிகையின் கட்டையால்
ஜன்னலோரத்துக் கல்லில் இரண்டு முறை தட்டினேன்.

பதில் வந்தது என்று சொன்னால்
அதையும் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.