முறைப்பாட்டு மேசை

செவ்வாய்க்கிழமை பதினேழு பெட்டிகள்.
சோலிங்கனில் மழை;
மழை இல்லையென்றால் மழை வரப்போகிறது.
வெள்ளைக் கத்தியால் டேப்பைக் கிழிக்கிறேன்.
கறுப்பைத் திறக்கக் கறுப்பை எடுப்பதில்லை,
இந்த மேசையின் ராசி அப்படி.

தூரிங்கனிலிருந்து ஆர்னோ கிளெட் எழுதுகிறார்:
காளான் வெட்டினேன், கத்தியை நிலத்தில் வைத்தேன்,
மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினேன்.
இல்லை.
நனைந்த இலைகளுக்குள் முழங்காலில் ஒரு மணி நேரம்.
கத்தி கிடைத்தது.
அதற்குள் நாய் கூடையைக் கவிழ்த்துவிட்டது.
இது யார் பிழை?

ஆல்கொய் மலைக்காரர் ஒருவருக்கு
மின்னாத கத்திதான் வேண்டியிருந்தது.
மின்னவில்லை, ஒப்புக்கொள்கிறார்.
அந்தி வெளிச்சத்தில்
மான் என்னைப் பார்க்கவில்லை,
நான் கத்தியைப் பார்க்கவில்லை.
கட்டைவிரலின் படம் இணைப்பில்.

கீலில் பாய்ப்படகு வைத்திருக்கும் பல் வைத்தியர்:
இரண்டு கோடை, உப்புத் தண்ணீர்,
ஒரு பொட்டுக் கறள் இல்லை, நன்றி.
மூன்றாம் கோடை
வாயோரம் மட்டும் சிவந்திருக்கிறது, ஏன்?

ஏனென்றால் ஐயா,
பூச்சு முதலில், தீட்டுவது பிறகு.
தீட்டாவிட்டால் அது கத்தியில்லை, தகடு.
வெட்டுகிற வாய் எப்போதும் வெறும் உருக்குத்தான்.
உடம்பு முழுக்கச் சட்டை, வாய்க்கு ஒன்றுமில்லை.
இதைப் பெட்டியில் எழுதினால் என்ன என்று
டெட்லெஃபிடம் கேட்டேன்.
பெட்டி சின்னது என்றார்.

கழிவு விலையில் நானும் ஒன்று வாங்கினேன்.
பொய் சொல்லக்கூடாது:
பலாக்காய்ப் பால் அதில் ஒட்டுவதேயில்லை.
தேசிக்காய் வெட்டி இரவு முழுக்க மறந்தாலும்
காலையில் முகம் சுளிக்காது.
தீட்டும்போது கல் ஒருமுறை வழுக்கியது,
அந்தக் கீறல் மட்டும்
நெற்றியில் திருநீறு போல நிற்கிறது, அழியாது.
பிறகு ஒருநாள் நுரைக்குள் படுத்திருந்தது.
மகனுக்கு மூன்று தையல்.
கள்ளன் என்று பெயர் வைத்தார் என் கணவர்.
கள்ளனை எடு, வெங்காயம் வெட்ட.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
எங்கள் பிழை. உங்கள் பிழை.
காளான்காரருக்கு எதைப் போடுவது?
காடும் கறுப்பும் சேர்ந்து செய்த வேலை அது.
உங்கள் பிழை என்று போட்டேன்,
நாய்க்குக் கட்டம் இல்லை.

பதினேழாவது,
ஹூசுமிலிருந்து வீப்கெ யான்சன்.
கோப்பை துடைக்கிற துணியில் சுற்றியிருந்தது.
ஒன்பது வருடத்துக் கத்தி.
வலக்கன்னத்தில், கைப்பிடியை ஒட்டி,
கறுப்பு தேய்ந்து
சாம்பலாகி, பிறகு வெளிறி,
ஒரு நீள்வட்டம்.
கடிதம் நான்கு வரி:
கூர் மட்டும் தீட்டித் தாருங்கள்.
திரும்பக் கறுப்புப் பூசவேண்டாம்.
தேய்ந்த இடத்தைத் தொடவேண்டாம்.
செலவு எவ்வளவு?

என் கட்டைவிரல் அங்கே போகவில்லை.
கையை மாற்றிப் பிடித்தேன்.
போனது.
இடக்கைக்காரர்.

தீட்டும் அறையில் யஸ்மினா
கன்னத்துக்குக் கடதாசி ஒட்டி
வாயை மட்டும் கல்லுக்குக் கொடுத்தாள்.
எட்டு நிமிடம்.
ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

டெட்லெஃப் சொன்னார்:
இது முறைப்பாடே இல்லையே, இங்கே ஏன் வந்தது?
கட்டம் நிரப்பாமல்
கணினி பார்சலை வெளியே விடாது.
எங்கள் பிழை என்று போட்டேன்.
அதற்கென்றால் தபால் செலவு கிடையாது.