இரண்டாவது சாவி

கிருஷ்ணகிரியில், ராயக்கோட்டை சாலையில்
கிரானைட் அறுக்கும் பட்டறையைத் தாண்டினால்
எங்கள் யார்டு.
தவணை தவறிய வண்டிகள்
இன்றைய கணக்குக்கு நூற்றுப் பதினொன்று.
எல்லாவற்றின் மேலும் கல்மாவு படிந்து
ஒரே நிறம்.
சாவிப் பலகை என் பொறுப்பு.

மேல் வரிசையில் வெறும் இரும்புச் சாவிகள்.
பல்லின் மேடு பள்ளம் தடவி
உள்ளே பித்தளைத் தகடுகள் ஒரு மட்டத்துக்கு வந்தால்
பூட்டு திரும்பிவிடும்.
யார் கை என்று கேட்காது.
தேய்ந்துபோன சிலது
பக்கத்து ஆணியின் வண்டியையும் திறக்கும்.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

அடுத்தது கறுப்புத் தலைக்காரிகள்.
பிளாஸ்டிக்குக்குள் அரிசி அளவு ஒரு சில்லு.
அதற்குச் சொந்தமாய் மின்சாரம் கிடையாது.
சாவித் துவாரத்தைச் சுற்றிய செம்புச் சுருள்
எழுப்பினால் எழுந்து
தன் எண்ணைச் சொல்லிவிட்டுத் தூங்கும்.
பர்கூர் பையன் ஒருவன் நகல் வெட்டி வந்தான்.
கதவு திறந்தது,
இன்ஜின் சுற்றியது,
பற்றவில்லை.
பல் சரி, பேர் தப்பு.

பொத்தான் சாவிகளோ
அமுக்கும் ஒவ்வொரு தரமும்
புதிதாய் ஒரு சொல் சொல்லும்.
நேற்றையதை ஒட்டுக்கேட்டு வைத்திருந்தாலும்
இன்றைக்குச் செல்லாது.
ஒரே பொய்யை ஏழு வருஷமாய்ச் சொல்கிற
என் வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்து
தனியாகச் சிரித்தேன்.

கடைசி ஆணியில் ஒன்றே ஒன்று.
கூழாங்கல் மாதிரி,
பல்லே இல்லாதது.
சட்டைப் பையில் கிடந்தால் போதும்,
வண்டி ஆளை அறியும்.
வெள்ளை வண்டி. திம்மராயன், காவேரிப்பட்டணம்.
மாங்கூழ் ஆலைக்குக் காய் ஏற்றியவர்.
ஆலை விலையை இறக்கிய வருஷம்
ஏழு தவணை நின்றது.
பதிவேட்டில் என் கையெழுத்துதான்:
முதல் சாவி வந்தது.
இரண்டாவது சாவி வரவில்லை.

வேலியை ஒட்டி நிறுத்தியிருந்தோம்.
ஒரு செவ்வாய்க்கிழமை, வெளிச்சம் மங்கும் நேரம்,
மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும்
மெல்ல விரிந்தன,
கன்றின் குரலுக்கு மாடு காதை விடைப்பதுபோல்.
கைப்பிடியில் சின்ன வெளிச்சம்.
உள்ளே யாரும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்
டீக்கடைக்கு முதுகு காட்டி ஒருவர்.
எதையும் தொடவில்லை. எதையும் அமுக்கவில்லை.
நின்றார்.
அதற்கு அது போதுமாக இருந்தது.

மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும்.
பேனா மூடியைத் திறந்தேன்.
மூடினேன்.
வெள்ளியன்றும் வந்தார்.
ஞாயிறன்று இரண்டு தடவை.

ஏல நாளில் சேலத்துக்காரரிடம்
கூழாங்கல்லை நீட்டினேன்.
பக்கத்தில் போயும் வண்டி அசையவில்லை.
பேட்டரி செத்திருந்தது.
"நிறுத்தின வண்டிதானே,
யாரு இதைத் தினம் எழுப்பிக்கிட்டே இருந்தது?"
மெக்கானிக் அஸ்கர் என்னைப் பார்த்தான்.
தெரியாது என்றேன்.
கூழாங்கல்லின் ஓரத்தைத் தள்ளி
வயிற்றிலிருந்து அவன் உருவியது
குட்டியாய் ஓர் இரும்புச் சாவி.
என் மேல் வரிசைச் சாதிதான்.
திருப்பினான். திறந்தது.
ஒயர் போட்டுக் கிளப்பி,
லேப்டாப்பைச் செருகி,
காணாத சாவியை மறந்துவிடு என்றார்கள் வண்டியிடம்.
நாலு நிமிஷ வேலை.

மறுநாள் திம்மராயன்
வாசல் வழியாகவே வந்தார்.
வேலியோரக் காலி இடத்தைப் பார்க்கவில்லை.
மேஜையில் வைத்தார்.
ரசீது எழுதட்டுமா என்றேன்,
அதற்குள் படி இறங்கியிருந்தார்.

சாவி லேசாக இருந்தது.
பின்மூடியை நகத்தால் நெம்பினேன்.
நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு
வட்டமாய்க் காலியிடம்.

பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
இரண்டாவது சாவி வந்தது.
பேட்டரி இல்லை.