இருபத்தாறாவது மாதிரி

தியாதெமா நகரில், டயர் கடைக்குப் பின்னால்
எங்கள் ஆய்வகம்.
எண்ணெயையும் தண்ணீரையும் முடிச்சுப் போடுவது
என் பிழைப்பு.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடுவதைவிடக்
கொஞ்சம் சுலபம்.
எனக்கு அவை இரண்டும் இருக்கின்றன.

முப்பத்தோரு வயதில் கடைசி முடியும் போனது.
அதற்குப் பிறகு நான் செய்த கண்டிஷனர்கள்
நூற்றுப் பதினெட்டு.
ஒன்றிலும் என் பெயர் இல்லை.

ஜுசாரா வடக்கேயிருந்து விமானத்தில் வந்தாள்.
மூன்று சலூன்கள், பெயர் முடிவாகாத ஒரு பிராண்ட்.
பாகுத்தன்மை வரைபடத்தை நீட்டினேன்;
அதன்மேல் கைப்பையை வைத்தாள்.
முதல் மாதிரியை இரு விரலால் அள்ளி
சுருள் அடர்ந்த இடமாகப் பார்த்துத் தேய்த்து
பீக்கர் கழுவும் தொட்டியில் தலையைக் குனிந்தாள்.
"வழுக்குகிறது. ஆனால் பிடரியில் சீப்பு நிற்கிறது.
அங்கேதான் என் வாடிக்கையாளர்கள் அழுவார்கள்."

ஐந்தாவதில் மீன் நாறியது.
அமீனின் குணம் அது,
சூடு ஏறினால் தன் ஊரைச் சொல்லிவிடும்.
ஒன்பதாவது குளிர்பெட்டியில் திரிந்த பாலானது,
மேலே கட்டி, கீழே தண்ணீர்.
பதினான்கு நன்றாக இருந்தது;
விலை நன்றாக இல்லை.
பாட்டிலுக்கு நாற்பது சென்டாவோ குறை என்றாள்.
முருமுரு வெண்ணெயில் பாதியை எடுத்தேன்.
எடுத்த பாதியைத் தராசிலேயே
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

பாதித்தலைச் சோதனைக்கு
இரவுக் காவல் க்ரெயூசா.
இடப்பக்கம் இருபத்தைந்து, வலப்பக்கம் இருபத்தாறு,
நடுவில் எல்லைக்கோடாய் வகிடு.
அப்படியே பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் சொன்னாள்:
"இடதுபக்கம் ஜன்னல். காற்று சிக்காக்கிவிட்டது.
வலதுபக்கம் உட்கார்ந்திருந்தவன்
'தப்பா நினைக்காதீங்க, தலைக்கு என்ன போடுறீங்க?' என்றான்.
இருபத்தாறு என்றேன்.
ஃபோன் நம்பரின் தொடக்கம் என்று நினைத்து
மீதிக்குக் காத்திருந்தான், பாவம்."

ஜுசாரா கையெழுத்திட்டாள்.
அறுநூறு கிலோ.
கொப்பரையில் வெள்ளை, மடிப்பு மடிப்பாகச் சுழன்று
தன்மேலேயே படுத்துக்கொண்டது.
அதில் முந்நூற்றுக்குப் பப்பாளி வாசனை ஊற்றி
வேறொரு பிராண்டுக்கு அனுப்பினோம்.
ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஏழாம் பத்தி.
யாரும் அதுவரை வாசிப்பதில்லை.

ஆகஸ்டில் மருந்துக்கடையில் பார்த்தேன்.
செம்பு நிறப் பாட்டில், முன்னால் அவள் சிரிப்பு.
பின்னால், 'தயாரிப்பு' என்பதற்கு அப்புறம்
எறும்பு படிக்கும் எழுத்தில்
எங்கள் தெரு.

பள்ளிச் சீருடை மகளோடு ஒரு பெண்
அதைக் கையில் எடுத்து என்னிடம் கேட்டாள்:
"இது நல்லதா, தெரியுமா?"
"ரொம்ப நல்லது. பிடரியில்கூடச் சீப்பு நிற்காது."
என் உச்சந்தலையை நிதானமாகப் பார்த்தாள்.
பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.
மகள் அடக்கிய சிரிப்பு மூக்கில் கேட்டது.

கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்து
மூடி திறந்து முகர்ந்து
கூடையில் போட்டுக்கொண்டு போனாள்.

பப்பாளி.
ஏழாம் பத்தி.